நேரில் அழைக்க வேண்டியவர்கள்

சென்னை
12-6-1984

அன்புள்ள அக்காவுக்கு,

தெட்சிணாமூர்த்தி எழுதுகிறேன். ராஜமும் நம் பெண் தையலும் சுகம். அத்தானுக்கு இருமல் குறைந்ததா? மெட்ராஸ் வந்தால் நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னால் அவர் கேட்கிறாரா? நடவு வேலையைச் சாக்குச் சொல்கிறார்.

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. இரண்டு பீரோவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய அளவு இருக்கும். அதற்கென்று தனி அறை, குளிர்சாதனம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூன்று பேரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தார்கள், அதில் நான் ஒருவன். கையெழுத்துச் சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன் நான். இப்போது எல்லாம் அச்செழுத்துத்தான்.

சனிக்கிழமை மத்தியானத்தில் சொந்தமாக ஏதாவது செய்து பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு யோசனை. நம் சொந்தக்காரர்கள் விலாசம் எல்லாம் உன் தலைக்குள்தான் இருக்கிறது. யார் எந்தத் தெரு, யார் வீடு மாறினார், யாருக்கு என்ன உறவு, எல்லாம். அதை எழுதி அனுப்பினால் மெஷினில் ஏற்றிவிடுவேன். நாளைக்குத் தையல் கல்யாணம் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அத்தனை பேர் விலாசமும் அச்சாகி வந்துவிடும். உறையில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

சிரிக்காதே. எழுதி அனுப்பு.

உன் தம்பி,
தெட்சிணாமூர்த்தி


திருவேட்டக்குடி
2-7-1984

அன்புள்ள தம்பிக்கு அக்கா குஞ்சம்மா எழுதுவது.

சிரிக்காதே என்று எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறாய், சரி. உள்ளே விபூதி கொடுக்கிறார்களா? உன் அத்தான் கேட்கச் சொன்னார்.

தனித்தாளில் எழுதியிருக்கிறேன். காரைக்கால் டவுன், நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் நம் ஆட்கள் இருக்கிற ஊர் எல்லாம் வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களை அடுத்த வாரம் எழுதுகிறேன், அதற்குள் கை வலிக்கிறது.

ஆனால் தம்பி, விலாசம் மட்டும் இருந்தால் கல்யாணம் நடக்காது. நம் ஆட்களில் தபாலில் பத்திரிகை போனால் போதும் என்பவர்கள் பாதிப்பேர். மீதிப்பேருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வீடு தேடிப் போய் வைக்க வேண்டும். அவர்களுக்குத் தபாலில் அனுப்பினால் வராதே என்று எழுதி அனுப்பின மாதிரி. காசியம்மா பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்ததும், வந்த வேலை முடிந்தது என்று முத்தையன் சித்தப்பா அங்கேயே கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டார். "நடுத்தெருவுல வச்சுக் குடுக்க நான் என்ன நோட்டீசு வாங்க வந்தவளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலை மிதித்தாளா? மிதிக்கவில்லை. சித்தப்பா கடைசிப் பெண் கல்யாணத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் காலில் விழுந்துதான் அழைத்து வந்தார்கள்.

அதனால் நேரில் போக வேண்டிய பெயருக்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். உன் மெஷினுக்குப் புள்ளி புரியுமா என்று தெரியவில்லை. என் விலாசம் எழுதவில்லை. அது உனக்குத் தெரியும்.

தையலைக் கேட்டதாகச் சொல். அவள் என்னிடம் வளர்ந்த அந்த இரண்டு வருஷமும் கொல்லையில் நின்ற கொய்யாவை யாருக்கும் விடமாட்டாள், நீ வந்தால் உனக்கே தர மாட்டாள். இப்போது மரம் தாழ்வாரம் வரைக்கும் சாய்ந்து காய்க்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

அக்கா


திருவேட்டக்குடி
9-9-1986

தம்பிக்கு,

உன் அத்தான் போய் ஆறு மாசம் ஆகிறது. காரியம் முடிந்து நீ போனதிலிருந்து எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் வழக்கம்போல அவர் பெயரைப் போட்டு "பாலகுரு வீட்டில் எல்லோரும் சுகம்" என்றே கை ஆரம்பிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சி முறை ஒருத்தி மகளுக்கு நெடுங்காட்டில் நிச்சயதார்த்தம். பிள்ளை தியாகராசன், "நீ போயிட்டு வாம்மா, வீட்டுலயே கெடந்தா எப்புடி?" என்றான். போனேன். சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்த தட்டு வரிசையாக வந்தது. எனக்கு முன்னால் இருந்தவளுக்குக் கொடுத்தார்கள், எனக்குப் பின்னால் இருந்தவளுக்குக் கொடுத்தார்கள். கொண்டு வந்த பெண் சின்னவள், அவளுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நானே எழுந்து சமையல்காரர்கள் இருந்த பக்கம் போய்விட்டேன். அங்கே வாழைக்காய் நறுக்க ஆள் குறைவாக இருந்தது, நல்லதாகப் போயிற்று.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷம் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு இப்படித்தான் போயிருக்கிறேன். ஆனால் அழுகை வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அக்கா


சென்னை
15-9-1986

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டு ஆபீசில் உட்கார முடியவில்லை. ராஜத்திடம் படித்துக் காட்டினேன், அவளும் அழுதாள்.

ஒன்று சொல்கிறேன், கேள். தையல் கல்யாணத்தில் தட்டு யாருக்குப் போகிறதோ இல்லையோ, உனக்குத்தான் முதலில் வரும். ராஜம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பிள்ளைக்கு நீதான் தாய். எவன் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். உன்னை அழைக்க நானே வருவேன், என் வாயால் அழைப்பேன். இதை மறக்காமல் இருக்க மெஷினிலும் எழுதி வைத்துவிட்டேன்.

உன் தம்பி,
தெட்சிணாமூர்த்தி


சென்னை
11-7-1988

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷமான சேதி. தையலுக்கு முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை பாங்கில் வேலை, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது. ஆகஸ்ட் இருபத்தைந்து, வியாழக்கிழமை முகூர்த்தம். மெட்ராஸிலேயே மண்டபம் பார்த்துவிட்டோம். இடையில் ஆடி வந்துவிடுகிறது, அவர்களுக்கோ ஆவணி தாண்டக் கூடாதாம். தலைகால் புரியவில்லை.

ஆபீசிலும் இந்தச் சமயம் பார்த்து மெஷினை மாற்றுகிறார்கள். பழைய பீரோவுக்குப் பதிலாக மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின்கள் வந்திருக்கின்றன. பம்பாய் ஆபீசில் தட்டினால் டெலிபோன் கம்பி வழியாகக் கடிதம் இங்கே திரையில் வந்து விழுகிறது அக்கா, தபால்காரனே வேண்டாம். ஆனால் உள்ளே இருந்து நடத்துகிற ஏற்பாடு பழையது வேறு, புதியது வேறு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். பண்ணைக்குப் புதுக் காரியஸ்தர் வந்த மாதிரி. பழையவர் எழுதி வைத்தது எதுவும் இவருக்குப் புரியாது, ஒவ்வொன்றாக இவர் பாணிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். நாலு வருஷத்துக் கடிதங்கள், விலாசங்கள் எல்லாம் என் தலையில். நம் சொந்தக்காரர் விலாசத்தையும் அதோடு சேர்த்து மாற்றிவிட்டேன்.

லீவு கேட்டேன், கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நானே வந்து உன்னை அழைக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும். ராஜத்தின் தம்பி தங்கப்பன், பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் நம் பக்கம் வருகிறார். நேரில் அழைக்க வேண்டியவர்கள் பெயரை மெஷினே தனியாகப் பிரித்து அச்சடித்துவிடும், அதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதல் வீடு உன் வீடுதான்.

உன் தம்பி,
தெட்சிணாமூர்த்தி


திருவேட்டக்குடி
8-8-1988

தம்பிக்கு,

பத்திரிகை வந்து சேர்ந்தது. தபாலில்.

நீ வர முடியாது என்று எழுதியபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. தங்கப்பன் வந்தால் என்ன, யார் வந்தால் என்ன, என் தம்பி வீட்டு அழைப்பு. பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் காலையிலேயே வாசல் கூட்டிக் கோலம் போட்டேன். பால் போதாது என்று எதிர்வீட்டு மருதையன் வீட்டில் கேட்டு வாங்கினேன். அவன் பெண்டாட்டி அல்லி, "என்னக்கா, விருந்தா?" என்றாள். "தம்பி வீட்டுலேர்ந்து கல்யாணத்துக்கு அழைக்க வர்றாங்கடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மணிக்குத் தங்கப்பன் வந்தார். கூடத் தட்டோடு இரண்டு பெண்கள். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளமான தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். "சௌக்கியமா இருக்கீங்களாக்கா? வெயிலு தாங்கலை" என்றார். "உள்ள வாங்க, காப்பி கலந்து வச்சிருக்கேன்" என்றேன். தாளைப் பார்த்தார். "இல்லக்கா, இன்னும் நெறய வீடு கெடக்கு. நெரவிக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு மருதையன் வீட்டுக்குள் போனார். தட்டு உள்ளே போனது, வெறும் தட்டு வெளியே வந்தது. நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வருவார் என்று நினைத்தேன். தெருக்கோடியில் வண்டி திரும்புகிறவரைக்கும் நினைத்தேன்.

பிறகு அல்லி வந்து கேட்டாள், "ஒங்களுக்கு முன்னாடியே வச்சிட்டாங்களாக்கா?" என்று. "ஆமாண்டி, எனக்கு முன்னாடியே வச்சாச்சு" என்றேன். உன் மானம் போகக் கூடாது இல்லையா?

மூன்றாம் நாள் போஸ்ட்மேன் ஹமீது, "அக்கா, கல்யாணப் பத்திரிகை" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள். இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. தியாகராசனிடம் கொடுத்து, "என் பேருதானே?" என்று கேட்டேன். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "அப்பா பேரும்மா" என்றான்.

இரண்டரை வருஷம் ஆகப்போகிறது அவர் போய். கொள்ளி வைத்தது உன் அக்கா மகன், பக்கத்தில் நின்றது நீ.

எனக்குப் புரியாமல் இல்லை தம்பி. நல்ல காரியம், சம்பந்தி வீட்டார் புதுசு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தாலி இல்லாதவள் முன்னால் வந்து நிற்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும். அதை நேராகச் சொல்லியிருந்தால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட வந்திருப்பேன். செத்துப்போனவரை அழைத்து எனக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டாம்.

குஞ்சம்மா


சென்னை
14-8-1988

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் நானாக இல்லை. அப்பா அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீ நினைப்பது இல்லை. என்ன நடந்தது என்று ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. தியாகராசனைப் பக்கத்தில் வைத்துக்கொள், அவனுக்குப் புரியும்.

பழைய மெஷினில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், விலாசம், கடைசியில் குறிப்பு. நீ புள்ளி வைத்தவர்களுக்கெல்லாம் குறிப்பில் நேரில் என்பதற்கு அடையாளமாக ஒரே ஒரு எழுத்துப் போட்டேன். தபாலில் போகிறவர்களுக்கு அந்த இடம் காலி. உனக்கு மட்டும் ஒரு எழுத்து போதவில்லை அக்கா. ஆரம்பத்தில் அத்தான் பெயரில் ஏற்றியிருந்தேன். அவர் போன பிறகு அந்தப் பெயரை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் குறிப்பில், அத்தான் காலமாகிவிட்டார், இனி அக்கா பெயருக்கே, எல்லோருக்கும் முன்னால், நேரில், நானே போக வேண்டும், தையலுக்குத் தாய் ஸ்தானம், என்று எழுதிக்கொண்டே போனேன். உன் நெடுங்காட்டுக் கடிதம் வந்த அன்றைக்கு எழுதியது.

புது மெஷின் குறிப்பில் இத்தனை எழுத்துத்தான் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. அளவுக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளும், மிஞ்சினால் மொத்தத்தையும் விட்டுவிடும். எல்லோருடைய ஒற்றை எழுத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன்னுடையது மட்டும் நீளம் என்று போய்விட்டது. குறிப்பு காலி, ஆகவே தபால். பெயர் பழைய பெயர், ஆகவே அத்தான். யாருக்கு நான் அதிகம் எழுதி வைத்தேனோ அவளைத்தான் அது வெட்டியிருக்கிறது.

சீட்டுகளை உறையில் ஒட்டியது ராஜமும் பக்கத்து வீட்டுப் பெண்களும். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் ஆபீசில் இருந்தேன். தங்கப்பனைக் கேட்டேன், சத்தம் போட்டுவிட்டேன். "சொந்த அக்கா, நீங்களே மொதல்ல அழைச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன் அத்தான்? லிஸ்ட்லயும் பேரு இல்ல" என்கிறார். வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் தாளை மட்டும் கொடுத்தனுப்பியவன் நான், அவரைச் சொல்லி என்ன?

மாற்றும்போது ஒவ்வொரு வரியையும் நான் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் கடிதங்களை ஒத்துப் பார்த்தேன். வீட்டு விலாசம்தானே என்று இதை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், நினைப்பு என்னுடையது இல்லை.

அக்கா, இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் இருபத்துமூன்றாம் தேதியே தியாகராசனோடு புறப்பட்டு வந்துவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து நிற்கிறேன். நீ இல்லாமல் முகூர்த்தம் எனக்கு முகூர்த்தமாக இருக்காது.

உன் தம்பி,
தெட்சிணாமூர்த்தி


சென்னை
5-9-1988

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் நடந்து முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள், நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் முதல் கடைசி பஸ் வரைக்கும் நின்றேன். மறுநாள் தியாகராசன் மட்டும் இறங்கினான். கையில் நீ கொடுத்தனுப்பிய அரக்குப் பட்டு. "அம்மா வரலை மாமா" என்றான்.

தையல் முகூர்த்தப் புடவை மாற்றுகிற அறையில் என்னைக் கூப்பிட்டு, "அத்தம்மா எங்கப்பா? எங்கூட ஒக்காரச் சொல்லு" என்றாள். மூட்டு வலி, நடக்க முடியவில்லையாம் என்று சொன்னேன். "அப்ப யாராச்சும் போயி கார்ல அழைச்சிட்டு வந்திருக்கலாமுல்ல?" என்று கேட்டாள். மாலை மாற்றும்போதும் வாசல் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் யாரைத் தேடுகிறாள் என்று கேட்டார்கள்.

நீ அனுப்பிய பட்டைத்தான் மறுநாள் கட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போனாள்.

என்னை நாலு திட்டாவது திட்டி எழுது. நீ பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

உன் தம்பி,
தெட்சிணாமூர்த்தி


திருவேட்டக்குடி
20-10-1988

தம்பிக்கு,

திட்டி எழுது என்கிறாய். சரி, எழுதுகிறேன்.

மெஷின் சமாசாரத்தைத் தியாகராசன் எனக்கு மூன்று தரம் படித்துச் சொன்னான். புரிந்தது. நான் என்ன நினைத்தேனோ அது இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது, அதையும் மறைக்கவில்லை. என் குறிப்பு நீளமாகப் போனதால் விட்டுப் போயிற்று என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் சிரித்தேன். தங்கப்பன் மேல் கோபம் இல்லை, ராஜம் மேல் கோபம் இல்லை. மெஷின் மேல் எனக்கு என்ன கோபம், அது என் மடியில் வளர்ந்ததா?

என் கோபம் அந்த விளக்கத்தின் மேல்தான்.

என் கடிதம் ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, மிஞ்சினால் பன்னிரண்டாம் தேதி உன் கைக்கு வந்திருக்கும். அன்றைக்கே நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். லீவு கிடைக்காது, தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் வருவாய் என்று நினைத்தேன். சின்ன வயசில் கோபித்துக்கொண்டு வரிச்சிக்குடி வரைக்கும் நடந்து போன என்னை நீதான் ஓடி வந்து இழுத்துக்கொண்டு வந்தாய், மூக்கில் சளியோடு. அந்தப் பிள்ளை வரும் என்றுதான் நினைத்தேன். மெட்ராஸ் பஸ் காலையில் கோட்டுச்சேரியில் நிற்கும், அங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்தேன். அல்லி பார்க்கிறாளே என்று விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டின வாசலையே திரும்பக் கூட்டினேன்.

பதினெட்டாம் தேதி ஹமீது வந்தார். உறை கனமாக இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு பக்கம். பழைய மெஷின், புது மெஷின், ஒரு எழுத்து, பல எழுத்து. அத்தனையும் எழுதுகிற நேரத்தில் நீ பஸ் ஏறியிருந்தால் பாண்டிச்சேரி தாண்டியிருப்பாய். வந்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம், என் எதிரில் நின்றிருந்தால் போதும். நான் கட்டின புடவையோடு உன் பின்னால் வந்திருப்பேன். நீ என்னடாவென்றால் நியாயத்தை எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினாய். இரண்டாம் தடவையும் என்னைத் தபாலில்தான் அழைத்தாய்.

என் குழந்தை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. நானும் வீம்பு பிடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அன்று காலை எழுந்து குளித்து முகூர்த்த நேரத்துக்குச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து, போயிருக்கலாமே, போயிருக்கலாமே என்று அடித்துக்கொண்டேன். அந்த நேரம் திரும்பி வருமா? உனக்கும் வராது, எனக்கும் வராது. மூட்டு வலி என்று சொன்னதாக எழுதினாயே, அதுவும் இப்போது நிஜமாகவே வந்திருக்கிறது.

போனது போகட்டும். நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, அவரும் இல்லை. ஒன்று கேட்கிறேன், செய். கார்த்திகை தீபத்துக்குள் ஒரு நாள் வா. தட்டும் வேண்டாம், பழமும் வேண்டாம். என் வாசலில் நின்று, "அக்கா, தையலுக்குக் கல்யாணம், நீ வரணும்" என்று சொல். முடிந்த கல்யாணத்துக்கு யாராவது அழைப்பார்களா என்று அல்லி சிரிப்பாள், சிரிக்கட்டும். "வர்றேன்டா தம்பி" என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எனக்குத் தீராது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. நன்றாகக் கேட்டுக்கொள், எழுதாதே. உன் கையெழுத்து இங்கே வந்தால் நீ வரவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அக்கா


சென்னை
21-11-1988

என் அக்காவுக்கு,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். எழுதாமல் இருந்துவிட்டால் தீபம் கழிந்த பிறகும் நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாயே, அதற்குப் பயந்துதான்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். பழைய மெஷினை வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டார்களாம், இரண்டு வாரத்துக்குள் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். அதற்குள் இருக்கிற கடிதங்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மாற்றவில்லை. மெஷின் போய்விட்டால் அவற்றைப் படிக்க இனி எதனாலும் முடியாது. பழைய ஏற்பாடு தெரிந்தவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஒருவர் பம்பாய்க்கு மாறிவிட்டார். நான்தான் பாக்கி. "உங்க சொந்த வேலை ரெண்டு வாரம் தள்ளிப் போனா என்ன சார்?" என்று கேட்டார். முடிந்த கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, எழுந்து திரும்பப் போய் முடியாது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

இது கூட விளக்கம்தான். எனக்கு இதுதான் வருகிறது.

பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன். ராஜத்தையும் தையலையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாக வருகிறோம். நீ சொன்னபடி வாசலில் நின்று சொல்கிறேன். அதுவரைக்கும் என்னை உன் தம்பியாக வைத்துக்கொள்.

தெட்சிணாமூர்த்தி


திருவேட்டக்குடி
26-11-1988

தம்பிக்கு,

இன்று ஹமீது வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். பிரிக்கவில்லை. வந்ததே போதும்.

குஞ்சம்மா